வெள்ளையடித்த சுவர்

“பூஞ்சணம் போச்சேன்னு அழுவுற ஆள இன்னிக்கித்தான் பாக்குறேன் மாமே.”

வெள்ளைக்காரன் காலம், பொங்கலுக்கு முந்தின நாள். அம்பத்தூர் போகும் ரயிலில் எனக்கு எதிரே இருந்த இளைஞன் தன் அக்காள் கணவரிடம் இப்படிச் சொன்னான்.

“ஒன் அக்கா பண்ண வேல மச்சான். ஊட்டுல புடிச்ச தீய அணைக்க ஊத்துன தண்ணில செவுரு ஊறி, கறுப்பா பூஞ்சணம் புடிச்சுக் கெடந்துச்சு. இன்சூரன்ஸ் ஆளு பாக்குற வரைக்கும் தொடாதேன்னேன். காலைல பாத்தா ஊடு பூரா சுண்ணாம்பு அடிச்சுட்டா.”

“அழுக்குச் செவுத்தோட பொங்க வெச்சா ஊரு சிரிக்காதா?”

“இப்ப கம்பெனிக்காரன் சிரிப்பான். அவன் பணம் குடுத்தாத்தான் இடிச்சுக் கட்ட முடியும். உள்ள மண்ணு கொழகொழன்னு கீது.”

“ஈர செவுரு மாமே. நாலு நாள்ல சுண்ணாம்ப மீறி வந்துடும். அப்பால காட்டு.”

“நாள் தள்ளிக் கேக்கத்தான் பட்டணம் போனேன். ஆளு கெளம்பிட்டாருன்னு சொல்றாங்க.”

அந்த ஆள் நான்தான். நாலு நாள் கழித்துப் போயிருக்கலாம். மறுபடி ஒரு முறை வரச் சோம்பலாக இருந்தது. அன்றே போனேன். வாசலில் என்னை அடையாளம் கண்டதும் அவர் ஒதுங்கி வழிவிட்டார். சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், சேதமில்லை என்று எழுதினேன்.

அவர் மனைவி, என் சட்டையில் சுண்ணாம்பு ஒட்டுமே என்று நாற்காலியைச் சுவரைவிட்டு நகர்த்திப் போட்டு, மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.