ஊறுகாயில் தகவல் இல்லை

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ரேடார் வேலை பார்க்கும் நண்பர்கள் இருவர். கூட வேலை செய்யும் பெண்ணிடம் இன்று மனதைச் சொல்லிவிடலாமா என்று ஒருவன் தவித்துக்கொண்டிருந்தான்.

"தெனம் சாப்பிடும்போது எனக்கு ஊறுகாய் வைக்கிறா மச்சான்."

"எல்லாருக்குந்தான் வைக்கிறா. தெரிஞ்சதே வந்துகினு இருந்தா அதுல இன்னா தகவல் கீது? பறவையைப் பாத்து விமானம்னு அலாரம் அடிக்காத."

"அலாரத்த ரொம்ப அடக்கி வச்சா, நெஜ விமானம் வரும்போது கோட்டை விட்டுருவோமே?"

"அதான் கேக்குறேன், வேற சிக்னல் எதுனா கீதா?"

பருத்திப்பட்டு ஏரி தாண்டும்வரை யோசித்தான்.

"நேத்து எனக்கு மட்டும் ஊறுகாய் வைக்கல."

"சண்டையா?"

"இல்ல. வாய்ப்புண்ணுன்னு யார்கிட்டயோ சொல்லிகினு இருந்தேன். அவ காதுல உழுந்திருக்கு. எனக்கு மட்டும் தயிர் வச்சா."

நண்பன் அவன் முதுகில் ஓங்கித் தட்டினான்.

"இத்த மொதல்லயே சொல்ல மாட்டியா? விமானந்தான்டா!"

கரையான்சாவடியில் அவர்களோடு நானும் இறங்கினேன். நண்பன் பூக்கடையைக் காட்டினான்.

"பூ எல்லாரும் குடுக்கிறது மாமே, அதுல தகவல் இல்ல" என்றான் அவன். "அவ டிபன் பாக்ஸ் மூடி ஒடஞ்சு கீது. பாத்திரக்கடைக்கு வா."