ரெண்டாவது நம்பர்

—சகலைக்குப் போன் போட்டே, அவ்வளவுதான். இன்னிக்கு நானே பாக்கறேன்.

—அவர் வந்தா அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருவாருங்க.

—இந்த மாசம் நாலு தடவை முடிச்சாச்சு உன் தங்கச்சி புருஷன். ஒழுங்காப் பாத்திருந்தா எதுக்குத் திரும்பத் திரும்ப வரணும்? அவர் வந்தா மட்டும் உன் சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேக்குது.

—சிரிச்சா தப்பா?

—பதினெட்டு வருஷமா லிஃப்ட் ரிப்பேர் பண்றேன். ஒரு நாளாவது "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க"ன்னு என்னைக் கேட்டிருக்கியா? தள்ளு. என்ன ஆகுது இதுக்கு?

—நான் வேலை பாக்கற அச்சகத்தோட வெப்சைட் கம்ப்யூட்டர்ல திறக்க மாட்டேங்குது. கொஞ்சம் பொறுத்தா திறக்குது. மறுபடி படுத்துக்குது.

—இதே வைஃபைல, என் போன்ல?

—அதுல நல்லாத்தான் வருது.

—அப்ப லைன்ல குத்தமில்ல, கம்ப்யூட்டர்லதான். அச்சகத்து வெப்சைட்டோட நம்பர் முகவரி, அதான் ஐ.பி., இருக்குல்ல? பேருக்குப் பதிலா அதை அடி... பாத்தியா, வந்துருச்சு! நம்பர் குடுத்தா போகுது, பேர் குடுத்தா முழிக்குது. பேரைக் கேட்டு நம்பர் சொல்ற இடத்துலதான் கோளாறு.

—அடேங்கப்பா.

—கிண்டலா?

—இல்லங்க, நிஜமாத்தான்.

—ம். செட்டிங்ஸைத் திற. பேருக்கு நம்பர் கேக்கறதுக்கு ரெண்டு இடம் போட்டிருக்கு. முதல் நம்பர் சரி. ரெண்டாவது... நெட்காரன் ஒட்டின சீட்டுல கடைசியில பதினேழு. இங்க எழுபத்தொண்ணு! பாதி நேரம் இல்லாத ஆள்கிட்டப் போய்க் கேட்டுட்டு நிக்குது. இந்தா, திருத்தியாச்சு.

—தானா மாறியிருக்கும்.

—தானா மாறுமா? வேணும்னே தப்பாப் போட்டுட்டுப் போறாரு. அப்பத்தானே நீ மறுபடி கூப்பிடுவே! போனைக் குடு, நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்.

—ஐயோ, வேண்டாங்க!

—அவரைச் சொன்னா உனக்கு ஏன் பொத்துக்கிட்டு வருது?

—மாத்தினது நான்தாங்க.

—நீயா? எதுக்கு?

—அவருக்கு வேலை போயி மூணு மாசமாச்சு. வெளிய யாருக்கும் தெரியாது. சுவத்தைப் பாத்துப் படுத்தே கிடக்காராம். தங்கச்சி அழுதா. "எதையாவது சாக்கு சொல்லிக் கூப்பிடுக்கா, அன்னிக்காவது சவரம் பண்ணிச் சட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பறாரு"ன்னா. அதான், அவர் சரி பண்ணிட்டுப் போனதும் நான் மாத்தி வெச்சிருவேன்.

—தள்ளு, கீபோர்டை இப்படிக் குடு.

—என்னங்க, கோவமா?

—எழுபத்தொண்ணுதானே? திரும்பப் போட்டுட்டேன். சகலையைக் கூப்பிடு. எனக்கு ஒண்ணும் விளங்கலைன்னு சொல்லு.