பிடியை விட்ட லவீனியா அம்மையார்

முன்வரிசையில் வீற்றிருக்கும் முதலாளி அவர்களே, டைரக்டர் க்ரோஸ்பி அவர்களே, முகத்துப் பவுடரைக்கூடத் துடைக்காமல் ஓடிவந்திருக்கும் என் நடிகர் கூட்டமே! ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு ஊசி பிடித்தவள் நான். ஆனாலும் பேசுவேன். அம்மையாருக்கு உடை தைத்தவள் நான் அல்லவா?

நம் லவீனியா ட்ராஸ்க் அம்மையார் போய்விட்டார்! படமெடுக்க வெயில் விழட்டும் என்று போட்ட இந்தக் கண்ணாடிக் கூரையின் கீழே, ஜனவரிக் குளிரில், கோடைக்கால உடையில் நடித்தார். நெஞ்சில் சளி கட்டியது. ஒன்பதே நாள்!

அந்த முதல் படத்தை மறப்போமா? பேச்சில்லாத பத்து நிமிடப் படம். கதை இதுதான்: வேலையிழந்த நாடக நடிகர், வாடகை அறையில் நோயாளி மனைவி. நடித்தது அவரும் கணவர் ஆர்வில் ட்ராஸ்க்கும். கேமராவின் எல்லையைக் காட்டத் தரையில் அடித்திருந்த கயிற்றைத் தாண்டினால் படத்தில் கால் வெட்டுப்படும். மேடை முழுக்க ராஜநடை நடந்த ஆர்வில் ஐயாவுக்கு ஆறடி போதுமா? மூன்று முறை தாண்டினார்.

"இது உங்க அரண்மனை இல்ல ட்ராஸ்க்! இன்னொரு தடவ தாண்டுனீங்க, ஃபிலிமோட சேத்து உங்களையும் குப்பையில போட்டுருவேன்!" என்றார் க்ரோஸ்பி.

நான்காம் முறை, அம்மையார் படுத்தபடியே கணவரின் மேலங்கியை இறுகப் பிடித்துக்கொண்டார். பார்த்த ஊரெல்லாம் அழுதது! கொட்டகையில் காது கேளாதவர்கள் அமர்ந்த வரிசை மட்டும் விழுந்து விழுந்து சிரித்தது. அவர்கள் உதட்டைப் படித்துவிட்டார்கள்: "நகந்தீங்க, காலை ஒடிச்சிருவேன். நில்லுங்க மகராசா!"

பிறகு படத்துக்குப் படம் அதே பிடிதான். இருவருக்கும் சேர்த்து ஐந்து வருட ஒப்பந்தம். பாஸ்டன் நாடகக் குழு ஆர்வில் ஐயாவை ராஜா வேடத்துக்கு அழைத்தது. விடுவிக்கக் கெஞ்சினார். "ஜோடியா சேந்தீங்க, ஜோடியாவே இருங்க" என்றார்கள் கம்பெனியில். மனிதர் சாப்பிடும்போதுகூடச் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். இடி போன்ற குரலை வைத்துக்கொண்டு ஊமையாய் வாழ்வதைவிடப் பெரிய சிறை உண்டா?

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அம்மையார் பிடியை விட்டார். ஐயா நடந்த வேகத்தில் கயிற்றைத் தாண்டி, நேரே கேமராவில் மோதினார். அது சாய்ந்து நொறுங்கியது. அவரை மட்டும் அன்றே வேலையை விட்டு நீக்கினார்கள்.

"இத்தனை பேர் முன்னாடி என்னை மானங்கெடுத்திட்டியே!" என்று அம்மையாரிடம் கத்திவிட்டுப் பாஸ்டனுக்கு ரயிலேறியவர், இரண்டு வருடம் ஒரு வரி எழுதவில்லை.

"ஏம்மா விட்டீங்க?" என்று கேட்டேன்.

"வேணும்னுதான் விட்டேன்னு அவர்கிட்ட சொன்னா, நீயும் வான்னு நிப்பாரு, ஒடீலியா. இவங்க ரெண்டு பேரையும் விடமாட்டாங்க. ஒருத்தராவது வெளிய போகட்டுமே."

கடைசி நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்திருக்கும் ஆர்வில் ஐயா, அன்று அம்மையார் கை வழுக்கவில்லை. தெரிந்தே விட்டார்! முதலாளி அவர்களே, கோபமிருந்தால் என்மேல் காட்டுங்கள். அம்மையாரை இனி யாரும் வேலையை விட்டு நீக்க முடியாது.

நாளை வெயில் ஏறியதும் அதே கயிற்றுக்குள் போய் நிற்கப்போகிறோம். நமக்கு வேறு போக்கிடம் ஏது? ஆனால் திங்கட்கிழமை இன்னொரு புருஷன் பெண்டாட்டிக்கு ஜோடி ஒப்பந்தம் தயாராகிறதாம். அந்த மாதிரிக் காகிதத்தில் இனி நம்மில் எவரும் கையெழுத்திடக் கூடாது! ஆளுக்கொரு காகிதம் கேட்போம். அதுவே அம்மையாருக்கு நம் அஞ்சலி.

சம்மதிப்பவர்கள் எழுந்து நில்லுங்கள். முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறார், தெரியும். நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.