தூணைத் தள்ளாத ஆறு

பெண்ணோட அப்பா: ...அதோட விட்டானா? "இந்தத் தண்ணீரில் மீன் நீந்தாது"ன்னு எழுதியிருக்கான், சம்பந்தியம்மா! என் ஆய்வுக் கட்டுரையில மீன் எங்கேருந்து வந்துச்சு?

பையனோட அம்மா: யாரு சம்பந்தி எழுதினது?

பெண்ணோட அப்பா: யாருக்குத் தெரியும்? கட்டுரையை மதிப்பிடறவங்க பேரைப் பத்திரிகைக்காரங்க வெளியில விடமாட்டாங்க. முகமூடி போட்டுக்கிட்டு மொத்தற கூட்டம்!

பையனோட அம்மா: காபி ஆறுது... அப்படி என்னதான் தப்பாம்?

பெண்ணோட அப்பா: பாலத்தூணைச் சுத்தி ஆறு எப்படிப் போகும்னு ஆறு வருஷமா கணக்குப் போட்டேன். பேனா தேஞ்சு விரலால எழுதியிருக்கேன்! தண்ணிக்கு உராய்வே கிடையாதுன்னு வெச்சுக்கிட்டேன். அது ஒரு குத்தமா?

பையனோட அம்மா: விடை என்ன வந்துச்சு?

பெண்ணோட அப்பா: அது வந்து... ஆறு தூணைத் தள்ளவே தள்ளாதுன்னு.

பையனோட அம்மா: துளிகூடவா?

பெண்ணோட அப்பா: பூஜ்யம்! முன்னால எவ்வளவு அழுத்துதோ, பின்னாலயும் அவ்வளவு. சரிக்குச் சரி. என்ன அழகு பாருங்க!

பையனோட அம்மா: அப்போ வெள்ளத்துல நான் இடுப்பளவு தண்ணியில நின்னா...

பெண்ணோட அப்பா: ராணி மாதிரி நிக்கலாம்!

பையனோட அம்மா: முப்பது வருஷம் ஆய்வுக்கூடத் தொட்டியில தூண் நட்டு அளந்தவ நான். ஒரு தூண்கூட இந்தச் சேதியை எங்கிட்ட சொல்லலையே!

பெண்ணோட அப்பா: உங்க தொட்டித் தண்ணி அழுக்கு. என் தண்ணி சுத்தம்.

பையனோட அம்மா: உங்க தண்ணியில காபி போட்டுக் கலக்கினா?

பெண்ணோட அப்பா: சுத்திக்கிட்டே இருக்கும். கொள்ளுப்பேரன் கல்யாணம் வரைக்கும்!

பையனோட அம்மா: அதுவரைக்கும் யாரு காத்திருந்து குடிக்கிறது?

பெண்ணோட அப்பா: நீங்களுமா? போதும். பதில் அனுப்ப நாளைக்குக் கடைசி நாள். கட்டுரையைத் திரும்ப வாங்கிடப்போறேன். கணக்குக்கே ஒரு பெரிய கும்பிடு!

பையனோட அம்மா: ஐயையோ, அவசரப்படாதீங்க! தூணை ஒட்டி, மெல்லிசா ஒரு தோல் அளவுக்கு மட்டும் உராய்வைச் சேருங்க. அங்கேதான் தண்ணி தூணைப் பிடிச்சு இழுக்குது, பின்னால பிரிஞ்சு சுழலுது. மத்த ஆறு முழுக்க உங்க கணக்கு பத்தரை மாத்துத் தங்கம். "ஆறு வருட உழைப்பு, கைவிட வேண்டாம்"னு நாலாம் பக்கத்துல இருக்கே!

பெண்ணோட அப்பா: நாலாம் பக்கத்தை நான் உங்களுக்குப் படிச்சே காட்டலையே...

பையனோட அம்மா: இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடட்டுமா?

பெண்ணோட அப்பா: அந்த மீன் உங்க வீட்டு மீன்தானா!

பையனோட அம்மா: மன்னிச்சுக்கோங்க. போன வருஷம் நீங்க காட்டினப்போ "பிரமாதம்"னேன். பொண்ணைக் கொடுத்தவரை மூஞ்சிக்கு நேரா எப்படிங்க...? பேரு வெளியில வராதுங்கிற தைரியத்துல மனசுல இருந்ததைக் கொட்டிட்டேன். உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு...

பெண்ணோட அப்பா: தெரியாம என்ன? திரும்ப வாங்கறேன்னது சும்மா நாடகம். நீங்க எழுதியிருந்த மாதிரியே தோலைச் சேர்த்துத் திருத்தி நேத்தே அனுப்பியாச்சு. யாருகிட்ட கொடுத்து மதிப்பிடலாம்னு பத்திரிகையில கேட்டப்போ, உங்க பேரை எழுதிக் கொடுத்ததே நான்தான். நீங்க "பிரமாதம்"னு சொன்ன அன்னிக்கே புரிஞ்சுபோச்சு, எங்கேயோ பெருசா உதைக்குதுன்னு!