மூன்று நாள் எழுத்து

சிம்மக்கல்லில் டவுன் பஸ் கிளம்பாமல் நின்றது. எனக்கு முன் சீட்டில் ஒருவருக்கு ஒரு பக்க நெற்றியிலிருந்து இமை வரை அக்கி. அது ஆற, மண்பானை செய்யும் வேளார் அதன்மேல் காவியால் சிங்கம் எழுதியிருந்தார். பக்கத்தில் அவருடைய மைத்துனர்.

“சளிக்காய்ச்சல் விட்டு ஒரு வாரத்துல அக்கி வந்துருச்சு, மாப்ள.”

“சிங்கத்தக் கண்ணுல உக்கார வச்சிருக்கீகளே, மச்சான். டாக்டர் என்ன சொன்னாரு?”

“சின்னதுல வந்த அம்மையோட கிருமி உள்ளயே கெடந்துச்சாம். காய்ச்சல்ல ஒடம்பு அசந்ததும் எந்திரிச்சிருச்சாம். ஒடனே பெரியாஸ்பத்திரியில கண்ணக் காட்டச் சொன்னாரு. மூணு நா எழுதிட்டுப் போவோம்னு இருந்துட்டேன்.”

மைத்துனர் அவருடைய நல்ல கண்ணைக் கையால் பொத்தினார்.

“இப்ப என்ன தெரியுது?”

“ரெண்டு கண்ணையும் பொத்திக்கிட்டுக் கேட்டா எப்புடி மாப்ள?”

“ஒரு கண்ணத்தான் பொத்திருக்கேன், மச்சான்.”