மச்சானின் புதிய மோவாய்

தேநீருக்கு நன்றி. சீனி சற்றுக் கூடிவிட்டது. ஆயினும், இணக்கசபைக்கு வந்த இடத்தில் அதையும் ஒரு முறைப்பாடாக்க நான் விரும்பவில்லை.

தலைவர் மஜீட் அவர்களே, என் பெயர் விநாயகமூர்த்தி. கல்லடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். என் மைத்துனர் உதயரூபன் எனக்கெதிராகக் கொடுத்துள்ள முறைப்பாட்டை வாசித்தேன். எழுத்துப்பிழைகள் மலிந்த ஆவணம். ஆனால் விடயங்கள் யாவும் உண்மை. அவற்றை ஒழுங்குபடச் சொல்ல அவரால் இயலாது என்பதால் நானே சொல்கிறேன்.

உதயரூபன் என் மனைவி அன்னப்பூரணியின் தம்பி. அவருடைய மனைவி பிள்ளையின்றி இறந்ததும், நம் வழக்கப்படி அந்தச் சீதன வீடு அவளுடைய தங்கையிடம் போயிற்று. இவர் பெட்டியோடு தமக்கை வீட்டுக்கு வந்தார். தமக்கை வீடு என்பதே சரி. நாங்கள் வாழும் வீடும் அன்னப்பூரணிக்குச் சீதனமாக வந்ததுதான். தம்பியை வரவேற்கும் உரிமை அவளுக்கு உண்டு. வெளியேற்றும் உரிமை எனக்கு இல்லை.

மனிதர் நல்லவர், ஆனால் பேசுவார். பல் துலக்கும்போதே நுரையோடு பேசத் தொடங்குவார். பஸ் பிந்தியதைச் சொல்ல ஆரம்பிப்பார். பஸ் வந்து சேருமுன் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுக்குத் தாவிவிடுவார். அவருடைய வாக்கியங்களுள் ஒன்றேனும் பயனிலையைக் கண்டதில்லை. நாள் முழுவதும் இதைக் கேட்டிருக்க வேண்டிய ஓர் ஆசிரியனின் நிலையைச் சபை எண்ணிப்பார்க்க வேண்டும்.

இப்படியிருக்கையில், செங்கலடிச் சந்தியில் துணிக்கடை வைத்திருக்கும் கேதீஸ்வரி என்ற கைம்பெண்மீது அவருக்கு விருப்பம் உண்டாயிற்று. சாரம் வாங்கப் போனவர், தேவைக்கு மேல் பல சாரங்களோடு திரும்பினார். ஆனால் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து மனம் உடைந்தார். அவருக்கு மோவாய் மிகச் சிறியது. கீழுதட்டுக்கு அடுத்தபடியாகக் கழுத்துத்தான்.

“அத்தான், இந்த நாடியை வெச்சிக்கிட்டு நான் எப்பிடிப் பொண்ணு கேக்கப் போற?” என்றார்.

கொழும்பிலிருந்து நகரின் தனியார் மருத்துவமனையொன்றுக்கு வந்துபோகும் டொக்டர் ஷிஹான், செயற்கை மோவாய் பொருத்துபவர் என்று அறிந்து, நானே அழைத்துப் போனேன். திருமணம் நடந்தால் மச்சான் செங்கலடிக்குக் குடிபோவார் அல்லவா?

“டொக்டர், வெயிலுக்கு உருகுமா?”

“உருகாது.”

“தும்மினா விழுமா?”

“விழாது. முதல் கொஞ்ச நாளைக்கு அடிபடாம, அமத்தாமப் பாத்துக்கங்க. பொறகு தன்ட இடத்தில ஊண்டிரும்.”

“எனக்குப் புடிக்காட்டி?”

“எடுக்கலாம்.”

“அதில தாடி வளருமா? விமானத்தில ஏறக்குள்ள மணி அடிக்குமா? செத்தா எரிச்ச பொறகு நாடி மட்டும் மிஞ்சிக் கிடக்குமா டொக்டர்?”

டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமீது வைத்தார். “மாஸ்டர், இனி இவர்ர கேள்வியெல்லாத்தையும் நீங்க வாங்கிச் சேத்து எனக்குப் போன் பண்ணுங்க. பதிலையும் நீங்களே அவருக்குச் சொல்லிருங்க.”

அந்த அதிகாரத்தை நான் கேட்டுப் பெறவில்லை. அது எனக்கு வழங்கப்பட்டது. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. வாயின் உட்புறமாகவே வெட்டியதால் வெளியில் தழும்பில்லை. ஒரு வாரத்துக்குக் கஞ்சி குடிக்கவும், பேச்சைக் குறைக்கவும் டொக்டர் பணித்தார். அந்த வாரத்தில்தான் கடலோசை எங்கள் வீட்டுக்குள் கேட்டது. அங்கே ஒரு கடல் இருப்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

வாரம் முடிந்ததும் டொக்டரை அழைத்தேன். “இனி வழமைபோலப் பேசலாம், சாப்பிடலாம்” என்றார். தொலைபேசியை வைத்துவிட்டு மச்சானிடம் திரும்பினேன். “கண்ணகி அம்மன் சடங்கு முடியும்வரை கஞ்சி குடிக்க அன்றி வாய் திறக்கக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்கிறார்” என்றேன்.

முஸ்லிம் வைத்தியரொருவர் அம்மன் சடங்கை ஏன் கணக்கிலெடுத்தார் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. சடங்குக் காலத்தில் நாவடக்கி, மீன் இறைச்சியாகிய மச்சம் ஒறுத்து இருப்பவர்கள் நாங்கள். “நல்லந்தானே? டொக்டருக்கே விளங்கியிருக்கு” என்று அன்னப்பூரணி கையெடுத்துக் கும்பிட்டாள்.

கீழுதடு மரத்திருப்பதாக மச்சான் சைகை காட்டினார். அது நாள்போகத் தெளியும் என்று டொக்டர் முன்பே கூறியிருந்தார். தூக்கத்தில் முணுமுணுப்பதால் வந்த வினை என்று நான் கூறினேன். அன்னப்பூரணி பயந்து, அவர் கண்ணயரும்போதெல்லாம் மோவாயைச் சுற்றி உச்சந்தலையில் ஒரு வெள்ளைத் துணியை முடிந்துவிட்டாள். நோய் பார்க்கப் பால்மா ரின்னோடு வந்த அயல்வீட்டுச் சின்னத்தங்கம் அந்தக் கோலத்தைப் பகலில் கண்டுவிட்டார். “ஐயோ உதயன், ஒரு வார்த்தை சொல்லாமப் போயிற்றியே மனே!” என்று ஒப்பாரியைத் தொடங்கினார். மச்சான் விழித்து, தாம் உயிரோடிருப்பதைக் கையுயர்த்தித் தெரிவித்தார். அதைக் கண்டுதான் சின்னத்தங்கம் மயங்கி விழுந்தார். அப்போதும் மச்சான் வாய் திறக்கவில்லை.

மாலை வேளைகளில் அவரை எதிரே இருத்தி, எழுவாய் பயனிலையிலிருந்து இலக்கணம் சொல்லிக்கொடுத்தேன். குறுக்கே பேசமாட்டார். விளங்கியதற்கு அடையாளமாகத் தலையை மட்டும் அசைப்பார். என் ஆசிரியப் பணியில் அத்தகைய வகுப்பு எனக்கு வாய்த்ததேயில்லை. சடங்கு முடிந்தபின்னும் டொக்டர் தவணை நீட்டியதாகச் சொன்னேன்.

பிறகு கேதீஸ்வரி நோய் பார்க்க வந்தார், மீண்டும் வந்தார். ஒருநாள் என்னைத் தனியே அழைத்தார். “மாஸ்டர், கடையில விடிஞ்சாப் பொழுதுபட்டாச் சனம் கதைக்கும். வீட்டில ஒரு அமைதியான மனுசன் இருந்தா எனக்கு நிம்மதி. அவருக்குச் சம்மதமா எண்டு கேட்டுச் சொல்லுங்க.”

நான் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் அன்று ஆகுபெயர் பாதியில் நின்றிருந்தது. ஆகவே நோயாளர்கள் வழக்கமாக அஞ்சும் யாவற்றையும் நடக்கப்போகும் உண்மைகளாகவே அவருக்கு எடுத்துரைத்தேன். மோவாய் இடம்பெயரும், காலப்போக்கில் கழுத்தருகே இறங்கும், ஒருபுறம் சாயும் என்றேன்.

“நாடி எங்க போனா என்ன மாஸ்டர்? வாய் அங்கதானே இருக்கும்” என்றார் அவர்.

வேறு வழியில்லை. மச்சானுக்குத் திருமணத்தில் விருப்பமில்லை என்று அவரிடம் சொன்னேன். மச்சானிடம் போய், “உமது மோவாய் கேதீஸ்வரிக்குப் பிடிக்கவில்லையாம்” என்றேன்.

மச்சான் அழுதார். அழும்போதும் மோவாயை அசைக்கவில்லை. அவ்வளவு நல்ல மாணவர்.

நான் அன்றும் பாடத்தை நடத்தினேன்.

ஆனால் கேதீஸ்வரி விடவில்லை. “மாட்டன் எண்டா அந்த மனுசனே எனக்குத் தலையாட்டிச் சொல்லட்டும்” என்று நேரே வந்துவிட்டார். வெறுங்கையோடு வரக்கூடாதென்று ஒரு பை வாவி நண்டு வாங்கி வந்திருந்தார். பை கிழிந்தது. ஒரு நண்டு மச்சானின் கால்விரலைக் கவ்விற்று.

“என்ட அம்மோ!” என்று கத்திய மச்சான், உடனே இரு கைகளாலும் மோவாயைத் தாங்கிப் பிடித்தார். “அத்தான், கழண்டிற்றா பாருங்க! கெதியாப் பாருங்க!”

காலில் தொங்கிய நண்டை அவர் பொருட்படுத்தவில்லை. கேதீஸ்வரிதான் அதைக் கழற்றிவிட்டு, டொக்டருக்கு அழைப்பெடுத்து, எல்லோருக்கும் கேட்க வைத்தார். “அவர் எப்பவோ பேசியிருக்கலாமே, மாஸ்டரிட்டச் சொன்னனே” என்றார் டொக்டர். மறுப்புப் பற்றிய உண்மையும் அடுத்த நிமிடமே வெளிவந்தது. மச்சான் அன்று பொழுதுபடும்வரை பேசினார். கேதீஸ்வரி எழுந்து போகவில்லை. “பேசட்டும் பாவம். ஆடு மாடக்கூட இப்பிடிக் கட்டி வைக்கமாட்டாங்க” என்றார்.

திருமணம் நடந்தது. மச்சான் செங்கலடியில் இருக்கிறார். அன்னப்பூரணி எனக்குச் சோறு தருகிறாள், சொல் தருவதில்லை.

பொய்யுரைத்தேன், பசியில் வைத்தேன், வந்த வாழ்வைத் தடுத்தேன். அனைத்தையும் ஒப்புக்கொள்கிறேன். காரணம் கேட்டீர்கள். வீட்டின் அமைதிக்காகவே செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த அமைதி இப்போது எனக்கு முழுமையாகக் கிடைத்துவிட்டது. நேற்று மாலை அவருடைய வெறுங்கதிரைக்கு எதிரே அமர்ந்து, ஆகுபெயரைப் பாதியிலிருந்து நடத்தி முடித்தேன். கதிரையும் குறுக்கே பேசுவதில்லை. ஆனால் அதற்கு விளங்குகிறதா என்றுதான் தெரியவில்லை.