கழற்றக்கூடிய மோதிரம்

— இது காணும், மாமி. என்ர விரலுக்கு இது வடிவாத்தான் இருக்கு.

— எங்க, கையை இஞ்சால நீட்டும். சாம்பவி, இது உழுந்தில பாதியும் வராது. மஜீட் தம்பி, இதை எடுத்து உள்ள வையுங்கோ. இதைவிடப் பெரிசு காட்டுங்கோ.

— அக்கா, அது கால் கரட் வைரம். புள்ள செல்றதிலயும் ஞாயம் இரிக்கி. மெல்லிய விரல். இந்த விரலுக்கு அரைக் கரட் போட்டாலே எடுப்பாத் தெரியும். இந்தா, இதப் பாருங்க மகள். நடுக்கல்லு சின்னது, சுத்திவரப் பொடிக்கல்லு. தூரத்துல நிண்டு பாக்கிறவங்க ஒரு கரட் எண்டுதான் செல்லுவாங்க. சல்லியும் கொறைய.

— இது நல்லா இருக்கு, மாமி. இதையே எடுப்பமே.

— பொடிக்கல்லு வேண்டாம். திருப்பி விக்கேக்க அதுக்கு ஒருத்தனும் ஒரு சதம் தரமாட்டான். என்ன தம்பி, பொய்யோ?

— பொய்யில்ல அக்கா.

— மாமி, இன்னும் நிச்சயதார்த்தமே நடக்கேல்ல. அதுக்குள்ள விக்கிற கதை என்னத்துக்கு?

— கேட்டு வைக்கிறதில என்ன பிழை? தம்பி, தனிக்கல்லு. ஒண்டு. ஒரு கரட்டுக்குக் குறையாமல்.

— ஒரு கரட்டோ? மாமி, நான் லாப்பில வேலை செய்யிறனான். நாள் முழுக்கக் கையில கிளவுஸ். அவ்வளவு பெரிய கல்லைப் போட்டால் கிளவுஸ் கிழிஞ்சுபோடும். சுதனும் சின்னதா ஒண்டு காணும் எண்டுதான் சொன்னவர்.

— சுதன் சொல்லுவான். மோதிரம் வாங்கித் தாறது அவனோ? பெத்த தாய் நான் வாங்கித் தாறன்.

— அதுதான் மாமி எனக்கு ஒரு மாதிரி இருக்கு. எங்கட வீட்டில அப்பிடி ஒண்டும் பெரிசாச் செய்யேலாது எண்டு உங்களுக்குத் தெரியும். நீங்கள் இவ்வளவு பெரிய கல்லைப் போட்டால் ஆக்கள் என்ன கதைப்பினம்? என்னை விலைக்கு வாங்கின மாதிரி இருக்கும்.

— அப்பிடியோ நினைக்கிறீர்?

— சொறி மாமி, பிழையாச் சொல்லிட்டன். ஒரு நிமிசம், ஃபோன் அடிக்குது. சுதன்தான். ஹலோ. ஓம், கடையிலதான் நிக்கிறன். மாமியோடதான். வெள்ளவத்தையிலதான், லொகேஷன் அனுப்பினனானே. இல்லை, சைலன்ற்றில கிடந்தது, கேக்கேல்ல. இல்லை சுதன், வேணுமெண்டு எடுக்காமல் விடேல்ல. சரி, வீடியோ போடுறன். இந்தா, மாமி. இந்தா, கடைக்கார நானா. அங்கால கதவு. வேற ஒருத்தரும் இல்லை. ஓம். சைலன்ற்றை எடுத்திட்டன். சரி. சொறி.

— மாப்புளைக்கு மகளில சரியான இரக்கம் போல.

— மஜீட் தம்பி, உள்ளுக்குப் பெரிய கல்லுகள் வைச்சிருப்பீங்களெல்லே? அதுகளைக் கொண்டு வாங்கோ. ஆறுதலா வாங்கோ, அவசரமில்லை.

— சேஃப்புக்குள்ள இரிக்கி, எடுத்திட்டு வாறன். குடிக்க ரெண்டு பிளேன்டீயும் செல்லட்டா?

— சொல்லுங்கோ.

— மாமி, அவர் கோவத்தில கதைக்கேல்ல. வேலையில பிஸியா இருக்கிறார், அதுதான்.

— நான் உம்மட்ட ஒண்டும் கேக்கேல்லையே, பிள்ளை.

— இல்லை, நீங்கள் பிழையா நினைக்கக்கூடாது எண்டு சொன்னனான்.

— உந்தச் சட்டைக்கையை மேல இழுத்துவிடும்.

— ஏன் மாமி?

— ஃபோனைத் தூக்கிப் பிடிச்சுக் கடையைக் காட்டேக்க கண்டனான். இழுத்துவிடும். என்ன இது?

— பஸ்ஸில இறங்கேக்க இடிபட்டது.

— பஸ்ஸுக்கு அஞ்சு விரல் இருக்கோ?

— மெல்லக் கதையுங்கோ, மாமி. அந்த நானாவுக்குக் கேக்கும்.

— எப்ப நடந்தது?

— ஞாயிற்றுக்கிழமை. எங்கட லாப்பில இருக்கிற ஒரு அண்ணா பஸ் ஹோல்ட் மட்டும் என்னோட நடந்து வந்தவர். மழை, அவரிட்டத்தான் குடை இருந்தது. சுதன் காரில இருந்து பாத்திட்டார். பிறகு அழுதவர், மாமி. தெஹிவளையில எங்கட வீட்ட வந்து சேருமட்டும் அழுதுகொண்டுதான் கார் ஓடினவர். இனி இப்பிடி நடக்காது எண்டவர்.

— அவன்ர அப்பாவும் அழுவார். அடி வாங்கின என்னைவிட அவர்தான் கூட அழுவார்.

— மாமாவோ?

— மாமாதான். ஊருக்கெல்லாம் நல்ல மனுசன். கோயில் தலைவர். சுதன் சின்னப் பிள்ளையா இருக்கேக்க நான் ஒருக்கா வெளிக்கிட்டனான். அவனைத் தூக்கிக்கொண்டு, உந்தா, உந்த வெள்ளவத்தை ஸ்டேஷனிலதான் வந்து நிண்டன். கையில காசில்லை. கழுத்தில கொடி கிடந்தது, நல்ல பாரமான தாலிக்கொடி. அதை வித்திருந்தால் எங்கையாவது ஒரு அறை எடுத்து, ஒரு வருசம் ஒருத்தரிட்டயும் கையேந்தாமல் இருந்திருப்பன். கழட்ட எண்டு கையைக் கொண்டுபோனன். ஏலேல்ல. தாலி எல்லே. புருசன் உயிரோட இருக்கேக்க எந்தப் பொம்பிளைதான் கழட்டுவாள்? கோச்சி வந்தது, போச்சுது. வீட்ட திரும்பி வந்து சோறு வைச்சன்.

— நீங்கள் இதை ஒருத்தருக்கும் சொன்னதில்லையோ?

— ஆருக்குச் சொல்லுறது? அவர் கண்ணை மூடின அண்டைக்குத்தான் அந்தக் கொடி என்ர கழுத்தால இறங்கினது. போன கிழமை இந்த மஜீட்டிட்டத்தான் அழிக்கக் குடுத்தனான். அந்தக் காசுதான் உமக்கு மோதிரமா வரப்போகுது.

— எனக்கு விளங்கேல்ல, மாமி.

— சுதன் அறைக்குள்ள இருந்து உம்மோட ஃபோனில கதைக்கிறது எனக்குக் கேக்கும். எங்க நிக்கிறாய், ஆரோட நிக்கிறாய், ஏன் உடன எடுக்கேல்ல. சத்தம் போடான். பல்லைக் கடிச்சுக்கொண்டு மெல்லமாத்தான் கேப்பான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அவன்ர அப்பாதான். அதுக்குப் பிறகுதான் யோசிச்சனான். மோதிரம் தாலி இல்லை, பிள்ளை. ஐயர் மந்திரம் சொல்லிப் போடுறதில்லை. கேக் வெட்டுற மாதிரி அதுவும் இப்ப ஒரு பாஷன். கழட்டி வித்தால் ஒரு பாவமும் இல்லை.

— அப்பிடியெண்டால் தங்கத்தில ரெண்டு காப்புத் தந்திருக்கலாமே. கல்லைவிட அதுக்குத்தானே விலை.

— காப்பு பாங்க் லொக்கருக்குப் போகும். லொக்கர்த் திறப்பு அவனிட்ட இருக்கும். மோதிரம் ஒண்டுதான் எப்பவும் உம்மட கையில கிடக்கும். நாலு பேர் பாக்கிற சாமான் எண்டதால அதைக் கழட்டித் தா எண்டு அவனும் கேக்கமாட்டான். இருந்து பாரும், நீர் சம்பளம் எடுக்கிற பாங்க் காட்டையும் ஒரு நாள் வாங்கி வைப்பான்.

— காட் இப்பவே அவரிட்டத்தான், மாமி.

— இந்தாங்க அக்கா, மெதுவாத்தான் வந்தன். இது ஒரு கரட். இது ஒண்டேகால். கடைசியில இரிக்கிறது ஒண்டரை, கொஞ்சம் மஞ்சள் ஓடும், ஆனா போட்டாத் தெரியாது.

— தம்பி, மறைக்காமல் சொல்லுங்கோ. இதில ஒண்டை வாங்கிக்கொண்டுபோய், கொஞ்சக் காலத்தால திருப்பிக் கொண்டுவந்தால் எவ்வளவுக்கு எடுப்பீங்கள்?

— நான் பொய் செல்லமாட்டன் அக்கா. கல்லு தங்கம் மாதிரி இல்ல. பாதி விலை வந்தாப் பெரிய காரியம். அதுக்கும் கல்லுட சேர்ட்டிபிகட் கையில இரிக்கோணும். பில் ஆர்ட பேர்ல இரிக்கி எண்டும் பாப்பாங்க.

— பில்லை இந்தப் பிள்ளையின்ர பேரில எழுதுங்கோ. சேர்ட்டிபிகட்டை அவவின்ர அம்மாட்டக் குடுத்து வைப்பம்.

— செய்யலாம். அப்ப எந்த சைஸ் அக்கா போடுற?

— பாதி விலைக்கு வித்தாலும், ஒரு பொம்பிளைப் பிள்ளை ஒரு வருசம் வாடகைக்கு இருக்கக்கூடிய சைஸ்.

— அக்கா, நீங்க ரெண்டு பேரும் கதைங்க. நான் பிளேன்டீ வருதா எண்டு பாத்திட்டு வாறன்.

— மாமி, இவ்வளவும் தெரிஞ்சுகொண்டு என்னை ஏன் பொம்பிளை கேட்டு வந்தனீங்கள்?

— கலியாணம் முடிச்சால் மாறுவான் எண்டு நினைச்சன். என்ர மாமியும் அப்பிடித்தான் நினைச்சிருப்பா.

— இப்பவும் அப்பிடி நினைக்கிறீங்களோ?

— உம்மட கையைப் பாத்த பிறகு இல்லை.

— ஆனால் கலியாணம் நடக்கட்டும் எண்டுறீங்கள். என்ன? உள்ள போ, பிறகு ஓடுறதுக்குக் கதவு எந்தப் பக்கம் எண்டு மட்டும் பாத்து வை எண்டு சொல்லுறீங்கள்.

— ஓம், அப்பிடித்தான். வேற என்னத்தைச் செய்யச் சொல்லுறீர்? அவன் என்ர பிள்ளை. என்ர வாயால அவனைப் பற்றி எப்பிடி உம்மட அம்மாட்டச் சொல்லுவன்?

— நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம், மாமி. குறை நினைக்காதேங்கோ. இந்த ஒரு மாதமா என்னோட ஒருத்தரும் இப்பிடிக் கதைக்கேல்ல. அதுதான் வாய் விட்டிட்டன்.

— இல்லை. பொறும். நீர் சொன்னது சரி. நான் இவ்வளவு நாளும் கல்லு எவ்வளவு பெரிசா இருக்கவேணும் எண்டுதானே யோசிச்சுக்கொண்டு இருந்தனான். கல்லே வேண்டாம். எழும்பும், போவம்.

— எங்க?

— உம்மட வீட்ட. கலியாணத்தை நான் நிப்பாட்டினனான் எண்டு சொல்லுவம். மாமிக்காரி சீதனம் கூடக் கேட்டு நிண்டவ, வாய்க்காரி, ஒத்துவரேல்ல எண்டு வெள்ளவத்தை முழுக்கச் சொல்லும். பழி என்னில கிடக்கட்டும், உம்மில ஒரு சொல்லும் விழாது. கொடி அழிச்ச காசும் உம்மட்டையே இருக்கட்டும்.

— ஏலாது, மாமி.

— ஏன் ஏலாது? கலியாண ஹோலுக்குக் கட்டின அட்வான்ஸ் போனால் போகட்டும். உம்மட அப்பாவுக்கு நான் விளங்கப்படுத்துறன். சுதனுக்கு முன்னால நான் நிப்பன், இந்த முறை நிப்பன். எழும்பும், பிள்ளை. ஏன் அழுறீர்?

— நிப்பாட்ட ஒண்டும் இல்லை, மாமி.

— என்ன சொல்லுறீர்?

— போன மாதம் கொள்ளுப்பிட்டியில கலியாணத்தை றெஜிஸ்டர் பண்ணியாச்சு. ரெண்டு பேரும் லண்டன் போற விசா கெதியா வரும் எண்டு சொல்லி அரைநாள் லீவு போடவைச்சுக் கூட்டிக்கொண்டு போனவர். அவற்ற சிநேகிதர் ரெண்டு பேர் சாட்சிக்குக் கையெழுத்து வைச்சவை. எங்கட அம்மாவுக்கும் உங்களுக்கும் சொல்லக்கூடாது எண்டு சத்தியம் வாங்கினவர். இருங்கோ, மாமி. அந்த ஒண்டரைக் கரட்டைப் போட்டுப் பாப்பம்.